ஜன்னல் இல்லாத பெட்டி

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் ஐயா, டாக்டர் சொல்லியிருக்கிறார். விபத்து என்று நீங்கள் எழுதி முடித்த கேஸைத் திரும்பத் திறக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். பெட்டியை வாங்கியதிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூரில் எங்கள் பாத்திரக்கடையைத் தெரியாதவர் கிடையாது. மகள் அனுப்பிரியாவின் வளைகாப்புக்குப் பாகூர் சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். முக்கால் மணி நேரப் பாதை. அதற்குத்தான் படுக்கை, சோபா, கழிப்பறை எல்லாம் வைத்த கேரவன் வாங்கினேன். கழிப்பறைக்குள் யாரும் போகக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

ஏழு வகைச் சாதத்தையும் அதில் ஏற்றினால் சோபாவில் புளி வாடை பிடித்துக்கொள்ளும். பின்னால் கட்டி இழுக்க ஒரு சின்ன டிரெய்லர் பார்க்கத் திருபுவனையில் ஆண்டனியின் பட்டறைக்குப் போனேன். இரண்டு வைத்திருந்தான். ஒன்றில் பக்கத்துக்கு ஒரு ஜன்னல். மற்றது நாலு பக்கமும் தகடு.

“உள்ள ஆளு ஒக்காரும்னா ஜன்னல் வெச்சத எடுத்துக்க சார்.”

“சாமான்தான்பா.”

“சாமானுக்கு இன்னாத்துக்கு உள்ள லைட்டு கேக்குற?”

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

ஆள் உண்டு ஐயா. பச்சையப்பன், எங்கள் சமையல்காரர், இருபத்திரண்டு வருடமாக. அண்டா சாயாமல் பிடிக்கவும், பாயசம் ஆறாமல் கரி அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் அவர் உள்ளே இருக்க வேண்டும். ஜன்னல் இருந்தால் பாகூர்த் தெருவில் அவர் முகம் தெரியும். மனுஷனைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தான் என்று பேசுவார்கள். மனிதரை மதிக்கிற குடும்பம் எங்களுடையது. அதனால் ஜன்னல் இல்லாததை எடுத்தேன்.

“மூச்சு முட்டுமே மொதலாளி,” என்றார்.

“முக்கா மணி நேரம்தான். போன்ல பாட்டு போட்டுக்க, ஊரு வந்துடும்.”

கதவு வழியில் திறந்துகொண்டால் சாதம் ரோட்டில் கொட்டும். வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பாகூரில் மேளம் காத்திருந்தது. சம்பந்தி நமச்சிவாயம் கேரவனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். “இன்னா சம்பந்தி, தேராட்டம் இருக்கு! நாலு தெருவும் போயிட்டு வந்துடலாமா?” என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. சுற்றினோம், மேளக்காரர்கள் நடக்கும் வேகத்தில்.

இரண்டாம் தெருவில் பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம். அண்டா ஆடுகிறது என்று மனைவி கார்த்திகாவிடம் சொன்னேன். அண்டா மும்மூன்றாகத் தட்டாது. மூன்றாம் தெருவில் மேளக்காரர்களுக்குக் கை காட்டி, இன்னும் ஓங்கி வாசிக்கச் சொன்னேன். நாலாம் தெருவில் தட்டல் நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

வீட்டு வாசலில் மற்றவர்கள் வருமுன் நானே போய்ப் பூட்டை மட்டும் கழற்றினேன். கதவைத் திறக்கவில்லை. அவராக ஏறி உட்கார்ந்துகொண்டார், எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொன்னேன்.

பச்சையப்பனின் காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி கனகாம்பாள் அண்டாக்களைத் துலக்கிக் கடைக்குக் கொண்டுவந்தாள். “ஒரு மூடி மட்டும் நசுங்கிக் கெடக்கு மொதலாளி. எப்பிடின்னு தெரியல. மன்னிச்சுக்கங்க.”

எப்படியென்று எனக்குத் தெரியும். இதோ, அந்த மூடி. இதை வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட உட்கார முடியவில்லை. அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் மனசுக்கு ஆறுதல் ஐயா. நேற்றே ஆண்டனியிடம் போய்ப் பெட்டியை மாற்றிவிட்டேன். குழந்தை பிறந்ததும் மறுபடி சீர் போகுமே. வருகிற சமையல்காரருக்கு ஜன்னல் இருக்கிறது. தெருவுக்குள் நுழையும்போது மட்டும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டால் போதும்.