சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

உச்சி வேளை. மணி சரியாகப் பன்னிரண்டு. பள்ளிகொண்டாவிலிருந்து ஒடுகத்தூர் போகிற சாலையில் ஈ காக்கை கிடையாது...

இருங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். பேய் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில். என்னோடு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற மெர்சியின் சித்தப்பாவுக்கு.

அவர் பெயர் தேவசகாயம். மெக்கானிக். அன்று அந்தச் சாலையில் பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு தோல் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ். முன்னால் இரண்டு ஏக்கர் புல்தரை. புல் வெட்ட, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று வைத்திருந்தார்கள். குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். அடிவயிற்றில் பிளேடு சுழலும். மேனேஜர் சர்தார் பாஷா காலையிலேயே போன் செய்திருந்தார்.

"தேவா, வண்டி ஸ்டார்ட்டே ஆவல. நாளைக்கு வெளிநாட்டு பார்ட்டி வர்றாங்க. பேஜாரா இருக்கு, சீக்கிரம் வா."

வேறு வண்டியென்றால் ஓடிப்போயிருப்பார். இந்த வண்டி என்பதால் மதியம் வரை தள்ளிப்போட்டார்.

காரணம் இருக்கிறது. இந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால்தான் இன்ஜின் ஓடும், எழுந்தால் அணைந்துவிடும். பாதுகாப்புக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவிட்ச் கெட்டு, மேடுபள்ளத்தில் எல்லாம் வண்டி நின்று நின்று போயிற்று. தேவசகாயம் சுவிட்சைக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றினார். இனி ஆள் எழுந்தாலும் இன்ஜின் ஓடும். ஐந்து நிமிஷ வேலை. புதுசு வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வண்டி ஓட்டுகிற கோவிந்தராஜிடம்கூடச் சொல்லவில்லை.

பத்தாம் நாள், இதே உச்சி வேளையில், சரிவில் கிடந்த ஒரு கிளையை எடுக்க கோவிந்தராஜ் இறங்கினார். இன்ஜின் அணையவில்லை. பிளேடு சுழன்றபடியே வண்டி உருண்டு அவர்மேல் ஏறியது... அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

தகவல் கேட்டு ஓடிவந்த தேவசகாயம், கூட்டம் உடலைத் தூக்கிக்கொண்டு போனபின் ஒயரைப் பிரித்தார். புதுச் சுவிட்சை மாட்டினார். அது மூன்று நாளாக அவர் பெட்டியிலேயே கிடந்தது. விசாரணையில் கேட்டபோது, "வண்டில எந்தக் கோளாறும் இல்ல சார். குடிச்சிட்டு முன்னாடி வுழுந்திருப்பான்" என்றார்.

கோவிந்தராஜ் வெற்றிலைகூடப் போடாத ஆள். குடித்துச் செத்தவன் என்ற பெயரோடு எரித்தார்கள். அவர் மனைவி தனபாக்கியத்துக்கு அதே கெஸ்ட் ஹவுஸில் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்தார்கள்.

சரி... அன்றைக்கு வருவோம். வண்டி புல்தரையின் நடுவில் நின்றிருந்தது. பேட்டரி நன்றாக இருந்தது. பெட்ரோல் இருந்தது. ஃபியூஸ் சரி. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினார்.

டிக்.

அவ்வளவுதான். மறுபடி... டிக்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. அதைத் தொட மனமில்லாமல் கால்மணி நேரம் மற்றதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் இறங்கி, சீட்டைத் தூக்கி, சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினார். அது இல்லாமல் இன்ஜின் ஓட வழியே இல்லை. சீட்டை இறக்கிவிட்டு, எதற்கென்று தெரியாமல், நின்றபடியே சாவியைத் திருப்பினார்.

படபடவென்று இன்ஜின் ஓடியது.

ஏறி உட்கார்ந்தார். அணைந்தது. இறங்கினார். சாவியைத் தொடவில்லை... தானே ஓடியது.

அப்போதுதான் அந்த வாசனை. ஒரு மாதமாக வெட்டாத தரையில், இப்போதுதான் வெட்டிய பச்சைப் புல்லின் வாசனை. அவர் கண்ணெதிரே அந்தக் கறுப்பு ரெக்சின் சீட்... மெதுவாக... அமுங்கியது. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அந்த அளவு.

"இன்னாண்ணே, ஆயிடுச்சா?"

பின்னால் தனபாக்கியம். கையில் டீ.

தேவசகாயம் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "உன் புருசன் குடிக்கலம்மா. நான்தான்... அந்த சுவிட்ச நான்தான் கழட்டுனேன். புதுசு என் பொட்டியிலயே கெடந்துச்சு. பொய் சொல்லிட்டேன்..." தலையைத் தூக்க முடியவில்லை அவரால்.

அன்றைக்கே சர்தார் பாஷாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது கேஸ் நடக்கிறது. கோவிந்தராஜ் பெயரில் ஒட்டிய கறை போயிற்று. இவரைப் பார்த்தால் ஊரில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ள முடிகிறதாம். மெர்சியிடம் சொல்லி அவர் உடைந்துபோனது வேறொன்றுக்கு. அந்தப் புல்தரையில், எல்லாவற்றையும் கேட்டபின், தனபாக்கியம் சொன்னதற்கு.

"தெரியும்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு சாயந்திரமே அவரு வந்து சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியில அவரு ஒடம்ப அறுத்துக்குனு இருந்தாங்களே, அப்ப. 'தேவா மேல கோச்சிக்காத, அவனே வந்து சொல்லுவான்'னாரு. அதான் நீ வர்றப்பல்லாம் டீ எடுத்துக்குனு வந்து பக்கத்துல நின்னேன். இத்தினி வருசம் ஆவும்னு அவரு சொல்லல."

டம்ளரை அவர் கையில் வைத்தாள். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிப் பக்கம் திரும்பி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மெல்லச் சொன்னாள்.

"போதும், எறங்கி வாங்க."

இன்ஜின் நின்றது. சீட் மெதுவாக மேலே எழும்பியது.