வீட்டுக்குப் போக வேண்டிய ஞாயிறு

சாரல் மாதங்களில் எங்களுக்குப் பெரிய பாடு துணி காயவைப்பதுதான். மாடியில் போட்டால் காயாது. ஃபேனுக்கடியில் போட்டால் ஒரு வாடை வரும். மேலகரத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நீங்கள் வெளியூர்க்காரர் போலத் தெரிகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த ஈர வேட்டியை ஒதுக்கிவிட்டு நாற்காலியை இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மணிமுத்துவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் ஏசுதாசன். இங்கே இருக்கிறவர்களுக்கு அண்ணாச்சி. இது ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்திவிட்டு, நேரே வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் கொஞ்ச காலம் தங்குகிற இல்லம். சேர்ந்து சமைப்பார்கள், காலையில் வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் வந்து உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேசுவார்கள். நானும் குடித்துச் சீரழிந்தவன்தான். குடியை விட்டபிறகு என் மனைவி ரத்தினத்தைப் பார்க்க வீரகேரளம்புதூருக்குப் போனேன். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லா இருங்க. இங்கன மட்டும் வராதீங்க" என்றாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்கப்புறம்தான் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தேன்.

மணிமுத்து ஆலங்குளத்துப் பையன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். இங்கே வந்தபோது டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கும். சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன். நடுக்கம் நின்றதும் தென்காசியில் ஒரு பட்டறையில் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டேன். சாயங்காலம் வந்ததும் நேரே இந்த அறைக்கு வந்து, அன்றைக்கு எரிந்துபோய் வந்த மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவன் வருகிறவரை சாப்பிடாமல் இருப்பேன்.

அவன் மனைவி சங்கரேஸ்வரி பீடி சுற்றுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அபர்ணாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். முதலில் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பிறகு மீன்குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். ஒரு ஞாயிறு என்னிடம் தனியாக வந்தாள்.

"அண்ணாச்சி, அடுத்த வாரம் இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு பாக்கேன். பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கா."

சந்தோஷம்மா என்று சொன்னேன்.

ஆனால் அவன் இன்னும் பக்குவப்படவில்லை. அதை வீட்டார் கண்டுபிடிக்க மாட்டார்கள். நான் கண்டுபிடிப்பேன். சுடலைமுத்து என்று ஒருவன் இருந்தான். அவனையும் இப்படித்தான் அவசரப்பட்டுக் கூப்பிட்டார்கள். புறப்பட வேண்டிய வாரத்தில் மறுபடி குடியில் விழுந்தான். அப்புறம் அவனால் நிறுத்தவே முடியவில்லை. ஈரல் கெட்டு என் மடியில்தான் உயிர் போயிற்று. மணிமுத்துவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச காலம் அவன் இங்கே இருக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்றுதான் யோசித்தேன்.

அந்த வாரம் அவனுக்கு இருமல். இங்கே இருமல் மருந்துகூட என்னைக் கேட்காமல் யாரும் குடிக்கக் கூடாது. சிலவற்றில் சாராயச் சத்து இருக்கும். அந்த விதியை வகுத்தவன் நான். அதனால் ஆடாதோடை இலையும் மிளகும் கருப்பட்டியும் போட்டு நானே கஷாயம் வைத்தேன். ஆறின பிறகு அதில் பிராந்தி கலந்தேன். அதிகம் இல்லை.

முதல் தடவை முகத்தைச் சுளித்தான். "எரியுதே அண்ணாச்சி."

"மிளகு லே" என்றேன்.

மறுநாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "இது வேண்டாம் அண்ணாச்சி. நாக்கு பழசை நினைக்குது."

"நான் குடுத்தா குடிக்க மாட்டியா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் வற்புறுத்தவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சங்கரேஸ்வரி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மணிமுத்து தன் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு வந்தான். வீட்டுக்குப் போகிறவன் எல்லோர் முன்னாலும் கருவியில் ஊதிக் காட்டிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். உங்கள் ஆட்கள் ரோட்டில் வைத்திருப்பார்களே, அதே மாதிரிக் கருவி. ஊதி முடித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். மணிமுத்து சிரித்துக்கொண்டே ஊதினான். கருவி கத்தியது.

முதலில் அவன் கருவி கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தான். இன்னொரு தடவை ஊதினான். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் குடிக்கலட்டி. பிள்ளை மேல சத்தியமா குடிக்கல."

"பிள்ளையை இழுக்காதீங்க" என்றாள் அவள். "இதோட எத்தனை சத்தியம்."

அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா."

அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முகத்தில் கோபம் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நானே சொல்லிவிடுவேன் என்று காத்துக்கொண்டு நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது பொய்யாகாது.

சங்கரேஸ்வரியே போய்ப் பெட்டியை இறக்கிக் கேட்டுக்கு உள்ளே வைத்தாள். அபர்ணா ஆட்டோவுக்குள் இருந்து, "அப்பா ஏறலியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

நான் அவன் தோளில் கை வைத்தேன். "விடு லே. இன்னும் ஆறு மாசம் இங்கன இரு. நான் இருக்கேன்லா."

என் கையை எடுத்துக் கீழே விட்டான். மெதுவாகத்தான் விட்டான். செருப்புக்கூடப் போடாமல் குற்றாலம் ரோட்டில் இறங்கி நடந்தான். சீசன் கூட்டத்தில் கொஞ்ச தூரத்துக்கு மேல் தெரியவில்லை. மறுநாள் சிற்றாற்றில், பாறை இடுக்கில் கிடந்தான். வயிறு நிறையக் குடித்திருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது நான் கொடுத்தது இல்லை. அவன் என் பேச்சைக் கேட்டு இருந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருப்பான். எனக்கு மனக்குறை என்றால் அது ஒன்றுதான்.

காரியமெல்லாம் முடிந்து சங்கரேஸ்வரி அவன் துணிகளை எடுத்துப் போக வந்தாள். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலையில அவரு குடிச்சிருந்தாராண்ணாச்சி? எனக்கு அது மட்டும் தெரியணும். சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"குடிச்சிருந்தான்மா" என்றேன். அதுவும் உண்மைதான். அவளுக்கு அது ஒரு ஆறுதல். நீங்கள் போய் வேறு மாதிரிச் சொல்லி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

மிச்சக் கஷாயம் இருந்த பாட்டிலைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தது இங்கே தங்கியிருக்கிற ஜெனோ என்று எனக்குத் தெரியும். இருமலுக்கு ஒரு மடக்குக் குடித்துப் பார்த்திருக்கிறான். பழகின நாக்கு, உடனே கண்டுபிடித்துவிட்டது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனையும் ஊட்டி வளர்த்தவன் நான்.

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சுடலைமுத்துவுக்கும் நான்தான் கொடுத்தேன். அது இஞ்சிச் சாற்றில். மகாதேவனுக்கும் கொடுத்திருக்கிறேன், அவன் அண்ணன் கூட்டிப்போக வருகிறேன் என்ற போதெல்லாம். மகாதேவன் எங்கும் போகவில்லை. இதோ, பக்கத்து அறையில்தான் இருக்கிறான். இங்கேயே இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்பதற்கு அவனே சாட்சி.

நீங்கள் எல்லோர் வீட்டுக்கும் போன் செய்திருக்க வேண்டியதில்லை. வாசலில் வீட்டார் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கேட்கிறதா? அந்தக் கனத்த குரல் மகாதேவனின் அண்ணன். கூப்பிடட்டும். இவர்கள் போக மாட்டார்கள். என்னை விட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அப்படியே போவதாக இருந்தாலும் இந்த அறைக்கு வந்து, அண்ணாச்சி போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எவனும் படி இறங்க மாட்டான். நான் ஜீப்பில் ஏறத் தயார்தான். அவர்கள் வந்து என்னைத் தேடுவார்கள், அதற்காகத்தான் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன்.

ஒரு ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்கிறது. அது அடுத்த வீட்டுக்கு வந்ததாக இருக்கும்.