நீலத் தண்ணிக் கிடங்கு

— அண்ணாச்சி, கார அங்கனயே நிப்பாட்டுங்க. வேலிய எதுக்குப் பிரிக்குதீங்க? போர்டு கண்ணுல படலையா?

— தள்ளும்வே. நான் உள்ள போணும்.

— எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க. மதுரையில இருந்து வாரான், தின்னவேலியில இருந்து வாரான். சினிமாக்காரன் ஒரு பாட்டு எடுத்துட்டுப் போனாலும் போனான், கரிசக்காட்டுக்குள்ள இப்படி ஒரு நீலத் தண்ணியான்னு ஊரே வந்து நிக்குது. பழைய கல்லு குவாரிய்யா இது, குளம் இல்லன்னு சொன்னா எவன் கேக்கான்? ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேம்பான். பாத்தவன் எவனும் பாத்ததோட நின்னதில்ல, கேட்டீங்களா. காலையாவது நனைக்கணும்னு தோணும். பாறை படி மாதிரித் தெரியும். அம்புட்டும் பாசி. அதுக்கு அங்கிட்டுத் தரையே கிடையாது.

— நான் வேடிக்கை பாக்க வரலய்யா! அந்தா நிக்குதே கருப்பு பைக்கு, அது என் மகன் வண்டி!

— யாரு... தீப்பெட்டி ஆபீஸ் சண்முகராஜ் அண்ணாச்சியா? மூஞ்சியெல்லாம் வேத்து வடியவும் ஆளு அடையாளம் தெரியல.

— நீரு கண்ணபிரான்லா? நீரு இங்கன என்ன செய்யுதீரு?

— ஆடு மேய்க்கேன். எம்மவன் மாயகிருஷ்ணன இந்தத் தண்ணிக்குள்ள இருந்து தூக்குன அன்னையில இருந்து ஆட்ட இந்தப் பக்கந்தான் பத்திட்டு வாரேன். வாரவனத் திருப்பி அனுப்புதேன். பஞ்சாயத்துல முள்ளு வச்சாவ, போர்டு வச்சாவ. முள்ளும் போர்டும் வாய் பேசுமா?

— அதெல்லாம் பொறவு பேசுவோம். பிரபு காலையில இருந்து வீட்டுல இல்ல. கோவில்பட்டி பூரா தேடிட்டேன், தெரியுதா? அவன் அம்மா அழுதுட்டுக் கிடக்கா. விடும், நான் இறங்கிப் பாக்கணும்.

— இறங்காதீங்க.

— கைய எடும்!

— எடுக்க மாட்டேன். அந்தப் பாறையில கால வச்சீங்கன்னா நேரா தண்ணிக்குள்ளதான். நீச்சல் தெரியுமா?

— தெரியாது.

— பொறவு? உங்களத் தூக்க நான் குதிக்கணுமா? எங்க வீட்டுல ஒரு ஆளு குதிச்சது போதும்.

— குத்திக் காட்டுதீரா? இந்த நேரத்துலயா? பிரபூ! ஏலே, பிரபூ!

— கத்தாதீங்க. எதிர்ப் பாறையில முட்டி உங்க சத்தந்தான் உங்களுக்குத் திரும்பி வரும். வேற ஒண்ணும் வராது. நானும் கூப்பிட்டுப் பாத்தவந்தான்.

— தண்ணியப் பாரும்... ஒரு அசைவு இல்ல. மேகம் கூட அப்படியே தெரியுது. இதுக்குள்ளயா எம்புள்ள...

— உங்க மகன் தண்ணிக்குள்ள இல்ல, அண்ணாச்சி.

— என்னது?

— நல்லாத்தான் இருக்கான். காலையில இங்கன வந்தான். வண்டிய நிறுத்திட்டு என்கூடத்தான் இருந்தான்.

— எங்க? இப்ப எங்க இருக்கான்?

— உக்காருங்க. தூக்குவாளியில தண்ணி இருக்கு, குடிங்க.

— தண்ணியா வேணும் எனக்கு? பிள்ள எங்கன்னு கேக்கேன்!

— சொல்லுதேன். அதுக்கு முந்தி நான் ஒண்ணு கேக்கணும். எம்மவன் செத்த அன்னைக்கு யாரு யாரக் கூட்டிட்டு இங்கன வந்தது?

— என்ன கேள்வி இது?

— போலீஸ்ல நீங்க எழுதிக் குடுத்தீங்கள்லா. மாயன்தான் உங்க மகனக் கிளப்பிக் கூட்டிட்டு வந்தான், குடிச்சிருந்தான், பந்தயம் கட்டித் தண்ணியில இறங்கினான்னு. பாலிடெக்னிக்குல ஒரே பெஞ்சுல இருந்த பிள்ளைங்க. எம்மவன் பீடி கூடக் குடிச்சதில்ல.

— பிரபு அன்னைக்குப் பேசுத நெலமையிலயா இருந்தான்? ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிட்டுக் கிடந்தான். போலீஸ் எங்கிட்ட கேட்டாவ. எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்.

— உங்களுக்கு என்ன தெரியும்?

— ஆடு மேய்க்குத வீட்டுப் பிள்ளைக்குத்தானய்யா காடு கரையெல்லாம் அத்துபடி. எம்புள்ளைக்கு இந்தப் பாதையே தெரியாது. அப்ப யாரு கூட்டிட்டு வந்திருப்பா?

— அம்புட்டுத்தான் தெரிஞ்சதா? நல்லாருக்கு. நீங்க எழுதுன அந்த வரி கடம்பூர் வரைக்கும் போயிட்டு அண்ணாச்சி. எம்மவ முத்துசெல்விக்குப் பேசி வச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுல, குடிகாரன் கூடப் பிறந்தவ வேண்டாம்னுட்டாவ. என் வீட்டுக்காரி தெருக்குழாய்க்குப் போறதையே விட்டுட்டா. செத்த பிள்ளைக்கு வாய்விட்டு அழக்கூட விடல, அந்த வரி.

— கண்ணபிரான்... நீரு என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லுதேன். எழுதுனத மாத்தணுமா, மாத்துதேன். எம்புள்ளைய என்ன செஞ்சீரு?

— என்ன செஞ்சேனா? நான் என்ன செய்வேன்னு நினைக்கீங்க?

— நீரு பிள்ளையப் பறிகுடுத்தவரு. இந்தக் காட்டுல வேற ஆளு இல்ல. எம்மவன் வண்டி நிக்குது, அவனக் காணோம். எனக்கு என்ன தோணும்? சொல்லும், என்ன தோணும்?

— இப்பவும் எழுதத்தான் பாக்கீங்க. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி.

— ஐயா, கோவப்படாதேயும். வாய் தவறிட்டு.

— தை பொறந்ததுல இருந்து உங்க மகன் இங்கன வந்து போறான். மொத நாள் அந்த உடைமரத்துப் பக்கம் நின்னு அழுதான். நான் கம்பத் தூக்கிட்டு அடிக்கப் போனேன். ஓடல. அடிங்கன்னு நின்னான். பொறவு என்னத்த அடிக்க? இப்ப என்கூட உக்காந்து கஞ்சி குடிக்கான். ஆட்டுக்குக் குழை ஒடிச்சுப் போடுதான். பாறைப் பக்கம் நான் விடுததில்ல. அவனும் போறதில்ல.

— பிரபுவா? கம்ப்யூட்டர் கிளாஸ் போறேன்னு எங்கிட்ட சொன்னானே!

— உங்ககிட்ட சொல்ல அவனுக்குப் பயம்.

— அவன் என்ன சொன்னான்? அன்னைக்கு என்ன நடந்ததாம்?

— எழுதிக் குடுத்தது நீங்க. நீங்க சொல்லுங்க.

— நான் அங்கன இல்லையே, கண்ணபிரான்!

— நானுந்தான் இல்ல. இருந்தது ரெண்டு பேரு. ஒருத்தன் இனி சொல்ல மாட்டான்.

— உங்க கால்ல விழுதேன். இன்னொருத்தன் எங்கன்னு சொல்லிருங்க.

— எந்திரிங்க அண்ணாச்சி. கேட்டுக்கிடுங்க. பாட்டுல பாத்த இடத்த நேர்ல பாக்கணும்னு துடிச்சவன் உங்க மகன். வேண்டாம்லேன்னு சொல்லிக்கிட்டே பின்னால வந்தவன் எம்மவன். பாசியில வழுக்குனது உங்க மகன். மாயன் போட்ட துணியோட குதிச்சு, அவன மேல தள்ளிவிட்டுட்டு, அப்படியே போயிட்டான். இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுன்னு இன்னைக்குக் காலையில உங்க மகனே சொன்னான். போலீஸ் டேசன்ல போயி, எங்க அப்பா எழுதிக் குடுத்தது பொய்யின்னு சொல்லப் போறேன்னான். வண்டி ஓட்டுத நெலமையில அவன் இல்ல. மினி பஸ்ல போயிருக்கான்.

— தனியாவா? அந்த நெலமையில அவனத் தனியாவா விட்டீரு?

— தனியா இல்ல. அவன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கது, மாயனப் பெத்தவ.