உட்கார்ந்தே இருப்பவள்

விடியலில் ஐந்தருவிச் சாலையில் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் இரண்டு உளுந்தவடை உண்பது, ஓய்வுபெற்ற நாள்முதல் என் வழக்கம். எடைக் குறைப்புச் செயலியில் ‘கடுமையாக உழைப்பவர்’ என்று பதிந்திருப்பதால் அந்த வடைகளுக்கு அனுமதி உண்டு.

என் மருமகள் உமா மகேஸ்வரிக்கும் அதே செயலியை நான்தான் அமைத்துக் கொடுத்தேன், இன்ஸ்பெக்டர் அம்மா. ராணுவத்தில் இருக்கும் என் மகன் ஒருநாள் வீடியோ அழைப்பில், “ஏட்டி, கேமராவுக்குள்ள அடங்க மாட்டேங்குதியே,” என்று சிரித்தான்.

“லீவுக்கு வந்து பாருங்க, பாதியாளா நிப்பேன்,” என்றாள் அவள்.

செயலி ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தாள். அன்றாடம் எவ்வளவு உழைக்கிறீர்கள் என்று அது கேட்டது.

“ரெண்டு மாடு பாக்குதேன், கடைக்கு மாவு ஆட்டுதேன், மாடிக்குத் தண்ணி சுமக்குதேன். பெருசாவே போடுங்க மாமா.”

நான் புன்னகைத்து, ‘உட்கார்ந்தே இருப்பவர்’ என்னும் ஆகக் கீழான படியைத் தொட்டேன். வீட்டுக்குள் சுற்றுவதையெல்லாம் உழைப்பு என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? எந்த மாணவனுக்கும் தகுதிக்கு மேல் நான் மதிப்பெண் போட்டதில்லை.

செயலி அவளுக்குச் சிறு குழந்தைக்குரிய உணவையே ஒதுக்கியது. நடையை எண்ண வேண்டிய அவள் கைபேசியோ அடுக்களை அலமாரியில் கிடக்கும். ஈரக் கையோடு யார் தூக்கித் திரிவது? ஆகவே அவள் நடந்தது எதுவும் அதில் ஏறவில்லை. அது எனக்குத் தெரியும். மாலையில் திரையைக் காட்டி, “பாத்தியாம்மா, இன்னைக்கும் நடக்கல,” என்பேன். வெட்கப்பட்டு, இரவுத் தோசையையும் விட்டுவிடுவாள்.

பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி வந்து, “சார்வாள், பிள்ள கிறங்கிக் கிறங்கி நடக்குது. கஞ்சியாவது குடுங்க,” என்றாள். அவளுக்கு ஒரு கதை சொன்னேன். நாள் முழுவதும் நடந்ததாகச் செக்குமாடு பெருமை பேசியதாம். எந்த ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று குதிரை கேட்டதாம்.

ஜாஹிரா சிரிக்கவில்லை. “ஆட்டுன எண்ணெயில வடை சுட்டுத் தின்னது யாரு சார்வாள்?” என்றாள். நீதி விளங்காதவர்களிடம் நான் வாதிடுவதில்லை.

தொழுவத்தில் உமா ஒருமுறை மயங்கி விழுந்தாள். முகத்தில் நீர் தெளித்தவன் நான்தான். அந்தப் படியை மாற்றியிருந்தால், அல்லது சாப்பிடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் என்பதும் தெரியும். சொல்லவில்லை. அடுத்த வாரம் தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படியில் சரிந்தாள். தென்காசி மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்தது.

கொல்ல நினைத்தேனா என்கிறீர்கள். இல்லை. தன்னை உழைப்பாளி என்று அவள் எண்ணிக்கொண்டிருந்ததைத் திருத்த நினைத்தேன், அவ்வளவே.

பிழை நேர்ந்தால் பரிகாரம் செய்யத் தயங்குபவன் அல்லன் நான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் கைபேசியைத் திறந்து, ‘சிறிதளவு உழைப்பவர்’ என்று ஒரு படி உயர்த்திவிட்டேன். அதற்கு மேல் கொடுத்தால், உண்மையாகவே உழைப்பவர்களுக்கு அநீதி.