முறையான பிழை

டெய்லர்: ...பதினெட்டு, பத்தொன்பது, இருபது! போதுமா?

டீச்சர்: நிறுத்திட்டேன். ஊசல் இருபது ஆட்டம் ஆட முப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு செகண்ட். இருங்க, கணக்குப் போடறேன்... என்னங்க இது, பத்து புள்ளி நாலு வருது!

டெய்லர்: நல்ல மார்க்தானே? பத்துக்கு மேலேயே வாங்கியிருக்கே.

டீச்சர்: மார்க் இல்லங்க, பூமி இழுக்கிற இழுப்பு. ஒன்பது புள்ளி எட்டு வரணும்.

டெய்லர்: நம்ம கடையில கொஞ்சம் கூடவே இழுக்குதோ என்னமோ. மத்தியானம் சாப்பிட்டுட்டு மெஷின்ல உக்காந்தா எனக்குக் கண்ணையே இழுக்குது.

டீச்சர்: விளையாடாதீங்க. நாளைக்குக் காலையில மேலதிகாரி முன்னாடி இதைச் செஞ்சு காட்டணும். சரியா வரலேன்னா லேபைக் காலி பண்ணி, உடைஞ்ச பெஞ்சைப் போட்டுப் பூட்டிடுவாங்க.

டெய்லர்: அவ்வளவு தூரம் போயிடுச்சா?

டீச்சர்: பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு நூலும் ஒரு குண்டும் ஒரு டெய்லர் டேப்பும் போதும், பாடம் நடத்திக் காட்டறேன்னு ஸ்கூல் மீட்டிங்ல வாயை விட்டுட்டேன்.

டெய்லர்: உன் பாடத்துல டேப்பை ஏன் இழுத்த?

டீச்சர்: டெய்லர் பொண்டாட்டி வேற எதை இழுப்பா? ...ஆமா, குண்டைக் கையில இருந்து விட்டதும் என்ன எண்ணினீங்க?

டெய்லர்: ஒண்ணு.

டீச்சர்: அட கடவுளே! போயிட்டுத் திரும்பி வந்தாத்தாங்க ஒண்ணு. விடும்போது சைபர்.

டெய்லர்: சைபர்னு ஒரு பட்டனை நான் இதுவரைக்கும் தச்சதில்ல. சட்டையில முதல் பட்டன் ஒண்ணுதான்.

டீச்சர்: நீங்க பட்டனை எண்ணறீங்க. எனக்கு வேண்டியது ரெண்டு பட்டனுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி.

டெய்லர்: ...அட, ஆமால்ல. அப்போ நான் இருபதுன்னு கத்தினது...

டீச்சர்: பத்தொன்பதுதான். வாங்க, மறுபடி. ரொம்ப இழுக்காதீங்க, லேசா... விடுங்க.

டெய்லர்: சைபர். ஒண்ணு... ரெண்டு... மூணு...

டீச்சர்: வாய்க்குள்ளேயே எண்ணுங்க, எனக்குச் சிரிப்பு வருது.

டெய்லர்: ...இருபது!

டீச்சர்: நாப்பது புள்ளி ஒண்ணு. அப்படின்னா... ஒன்பது புள்ளி நாலு. போச்சு! அங்கே ஏறுச்சு, இங்கே இறங்கிடுச்சு.

டெய்லர்: நூலோட நீளத்தைச் சரியா அளந்தியா?

டீச்சர்: மேல் கொக்கியில இருந்து குண்டோட நடு வரைக்கும். தொண்ணூத்தாறு சென்டிமீட்டர்.

டெய்லர்: எந்த டேப்பால?

டீச்சர்: உங்க கீழ் டிராயர்ல, பட்டுத் துணியில சுத்தி வச்சிருந்தீங்களே, அதால. மத்ததெல்லாம் சாக்பீஸும் அழுக்குமா இருந்துச்சு.

டெய்லர்: ...கீழ் டிராயரா?

டீச்சர்: சாவி அதுலயே இருந்துச்சு. ஏன்?

டெய்லர்: ஒண்ணுமில்ல... ஃபேன்! ஃபேன் ஓடுது பாரு, காத்து குண்டைத் தள்ளுது.

டீச்சர்: சரி, நிறுத்துங்க. விடுங்க... ம்... ம்... நாப்பது புள்ளி ரெண்டு. அதே ஒன்பது புள்ளி நாலு.

டெய்லர்: நூல் சரியில்ல. தையல் நூல் ரப்பர் மாதிரி நீளும்.

டீச்சர்: காலையிலதானே பெருமை அடிச்சீங்க, யானையைக் கட்டினாலும் நீளாத நூல்னு?

டெய்லர்: யானையைக் கட்டினா நீளாது. குண்டைப் பத்தி நான் எதுவும் சொல்லலையே.

டீச்சர்: இதோ இன்னொரு தடவை... நாப்பது புள்ளி ஒண்ணு. மறுபடியும் ஒன்பது புள்ளி நாலு.

டெய்லர்: மூணு தடவையும் ஒரே பதில் வந்தா அதுதாம்மா உண்மை. புத்தகத்துல அச்சுப் பிழையா இருக்கும்.

டீச்சர்: ஒரே பொய்யை மூணு தடவை சொன்னா உண்மையாயிடுமா? கை தடுமாறி ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைச்சல் வந்தா அது ஒழுங்கற்ற பிழை. சராசரி எடுத்தா சரியாப் போயிடும். இது ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா இழுக்குது. இதுக்குப் பேரு முறையான பிழை.

டெய்லர்: பிழையில முறையானது வேறயா? நல்ல குடும்பத்துப் பிழை போல.

டீச்சர்: ஆமா, கூடவே குடியிருக்கும், சத்தமே போடாது. எங்கேயோ ஒண்ணு அடிப்படையில கோணல்... அந்த மர ஸ்கேலை எடுங்க, டேப்பைச் சரி பார்க்கலாம்.

டெய்லர்: ஸ்கேலா... அது ரிப்பேருக்குப் போயிருக்கு.

டீச்சர்: ஸ்கேல்ல ரிப்பேர் பண்ண என்னங்க இருக்கு?

டெய்லர்: முனை... மழுங்கிப் போச்சு.

டீச்சர்: சரி, உங்க கழுத்து டேப்பைக் குடுங்க. ...எங்க அது? கழுத்துல டேப் இல்லாம உங்களை நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பார்த்ததில்லையே!

டெய்லர்: புழுக்கமா இருந்துச்சு, கழட்டிட்டேன்.

டீச்சர்: ஃபேனை நிறுத்தினதே நீங்கதானே! ...என்னமோ போங்க. தப்பு என்கிட்டதான். எட்டு வருஷமா பாடம் நடத்தறேன், ஒரு ஊசலை ஒழுங்கா ஆட்டத் தெரியல. நாளைக்கு நானே போய் சாவியைக் குடுத்துடறேன். பெஞ்சைப் போட்டுக்கட்டும்.

டெய்லர்: ஏய், என்ன பேச்சு இது... அழறியா?

டீச்சர்: இல்ல. கண்ணுல நூல் தூசி.

டெய்லர்: ...டேப்பை எடு.

டீச்சர்: எதுக்கு?

டெய்லர்: நாப்பத்தஞ்சுல இருந்து சத்தமாப் படி.

டீச்சர்: நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு, நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு, நாப்பத்தொன்பது, அம்பது, நாப்பத்தேழு, நாப்பத்... என்னங்க இது?

டெய்லர்: ரெண்டு டேப்பை வெட்டி ஒட்டினது. தையல் தெரியாம இருக்கும். அந்த வேலையில என்னைக் குறை சொல்ல முடியாது.

டீச்சர்: நாலு சென்டிமீட்டர் ரெண்டு தடவை வருதே! யாரை ஏமாத்த இது?

டெய்லர்: உன்னை.

டீச்சர்: என்னையா?

டெய்லர்: சின்னவ பொறந்த மறுமாசம் உனக்கு இடுப்பு அளந்தேன். நம்பரைக் கேட்டுட்டு ரெண்டு நாள் நீ யாரோடயும் பேசல. சாப்பாட்டைப் பாதியில வச்சுட்டு எழுந்துட்ட. எனக்குத் தாங்கல... அடுத்த தடவை அளக்கறதுக்குள்ள இதைத் தயார் பண்ணிட்டேன். வேற யாருக்கும் இதை எடுக்கறதில்ல, சத்தியமா.

டீச்சர்: அப்புறம் துணியெல்லாம் எனக்கு எப்படிச் சரியா இருந்துச்சு?

டெய்லர்: உன்கிட்ட ஒரு நம்பர் சொல்லுவேன். நோட்டுல நாலு கூட்டி எழுதிக்குவேன்.

டீச்சர்: ...நாலு கூட்டி. இருங்க, இருங்க! தொண்ணூத்தாறும் நாலும் நூறு! பென்சில் எங்க? நூறுன்னா... ஒன்பது புள்ளி எட்டு! ஏங்க, ஒன்பது புள்ளி எட்டு வந்துடுச்சு!

டெய்லர்: வந்துடுச்சா? அப்பாடா. இந்தா, கழுத்து டேப். பாக்கெட்டுல ஒளிச்சு வச்சிருந்தேன். நாளைக்கு இதைக் கொண்டு போ.

டீச்சர்: மாட்டேன். ஒட்டுப் போட்டதைத்தான் கொண்டு போவேன். பிழை இருந்தா பயப்பட வேண்டாம், எவ்வளவுன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம்னு காட்டறதுக்கு இதைவிட நல்ல கருவி எந்த லேப்ல இருக்கு?

டெய்லர்: ஐயையோ! ஏன் ஒட்டினதுன்னு மேலதிகாரி கேட்டா?

டீச்சர்: வீட்டு விவகாரம்னு சொல்லிடறேன்.

டெய்லர்: உனக்கு என் மேல கோபமே இல்லையா? நிஜ அளவு என்னன்னுகூட நீ கேக்கலையே.

டீச்சர்: எதுக்குக் கேக்கணும்? என் பாவாடையில முடிச்சு போட்ட பிறகு தொங்குற நாடா வருஷா வருஷம் குட்டையாகிட்டே வருது, அதுல எந்த ஒட்டும் கிடையாது. நீங்க வாயாலதான் குறைச்சுச் சொல்றீங்கன்னு இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன்... அதைக் கேக்கறதுக்குன்னேதாங்க, பீரோ நிறைய துணி இருக்கும்போதே, மாசத்துக்கு ஒண்ணு தைக்கச் சொல்லி வந்து நின்னேன்.