லாபிர் நானாவுக்கு ரெண்டு நிமிச மௌனம்

…அதுதான் சொல்லுறன் லாபிர் நானா, நீங்கள் மவுத்தானதுக்கு, அதுதான் செத்துப்போனதுக்கு, நான் பொறுப்பில்ல. கம்பியூட்டர்தான் பொறுப்பு. இருங்கோ, அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. ஓம், ஆள் உயிரோட இருக்கு எண்டு பன்ரெண்டு மணிக்குள்ள கடிதம் வேணும், விளங்குது. மீன்பிடிக் கந்தோரில ஐயா என்ன சொன்னவர்? எங்கட மீனவர் சங்கத்துக் கூட்டறிக்கையில பதினொரு மாசமா மவுத்தாகிக் கிடக்கிற ஆளுக்கு போட் பெர்மிட் புதுப்பிக்க ஏலாதாமோ? ஆள் நேர நிக்கிறீங்கள், கண் தெரியாதோ அவருக்கு? …தெரியுது, ஆனா தாள் வேணுமாம். ம். போன கிழமை தந்த தாளைத்தான் பஸ் ஸ்டாண்டடியில திரியிற மான் திண்டிட்டுது எண்டீங்கள். மானுக்கும் உங்களில என்ன கோவமோ.

அடிக்கிறன், அடிக்கிறன். கைதானே அடிக்குது, வாய் சும்மாதானே கிடக்கு.

முதல் தரம் எழுதினது பிழையோ, நீங்களே சொல்லுங்கோ. எஞ்சின் பழுதாகி அஞ்சு நாள் கடலில கிடந்தீங்கள். ஒரு போன் கோல் இல்ல. சங்கம் கூடி அனுதாபத் தீர்மானம் போட்டுது, ரெண்டு நிமிசம் எழும்பி நிண்டம். நீங்கள் என்ன செய்தீங்கள்? அந்த நேரம் பாத்து வாசலால வந்து, மடிச்சுக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டு, நீங்களும் எங்களோட நிண்டீங்கள். எல்லாம் முடிஞ்சாப்பிறகுதான் ஆருக்கு எண்டு கேட்டீங்கள். தலைவர் கதிரவேலருக்கு அண்டைக்கு ஏறின பிறசர் இன்னும் இறங்கேல்ல.

சரி, அது ஒருக்கா. மற்றப் பத்துத் தரமும்? அதுதான் இந்த மெக்ரோ. கிருஷாந்தன் எண்டு ஒரு சேர், மூண்டு நாள் கம்பியூட்டர் வகுப்பு, பின்னேரம் ரோல்ஸும் தேத்தண்ணியும். மீன் ரோல்ஸாம்… துறைமுகத்து ஊரில மீனைத் தேடித் தேடித் திண்டம். அவர் சொன்னார், "பூரணம் அக்கா, ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யாதேங்கோ. பதிவுப் பொத்தானை அமத்திப்போட்டு ஒருக்காச் செய்து காட்டுங்கோ, வேர்ட் அதைப் பாத்து வைக்கும். பிறகு ஒரு கீயை அமத்தினாக் காணும்." என்ர மனிசனை இப்பிடிப் பழக்க ஏலுமெண்டா நான் ஏன் நானா இஞ்ச சங்கத்துக் காரியதரிசியா வந்து குந்தியிருக்கிறன்?

வகுப்பு முடிஞ்ச கையோட வந்தது உங்கட அனுதாபம். மாசா மாசம் ஆரோ ஒராள் போகும்தானே, பேரை மட்டும் மாத்துவம் எண்டு நினைச்சு, பதிவுப் பொத்தானை அமத்திப்போட்டு அதையே அடிச்சு, சேமிச்சுக் காட்டினன். இந்த ஒரு தாளுக்கோ, எல்லாத் தாளுக்குமோ எண்டு கேட்டுது. நான் என்ன கஞ்சப் பிசினாறியோ? எல்லாத்துக்கும் எண்டு குடுத்தன். எந்தக் கீ எண்டு கேட்டுது. கன்ட்ரோலும் எஸ்ஸும் எண்டன், பழகின கீ. அது ஏற்கெனவே சேமிக்கிற வேலையில இருக்கு எண்டு கீழ ஒரு வரி வந்தது. இருந்தா இருக்கட்டும், ரெண்டு வேலையும் பாக்கட்டும் எண்டு விட்டன்.

அண்டையிலயிருந்து எதைச் சேமிச்சாலும் மேல நீங்கள் மவுத்து. நான் அடிச்சுக் குடுத்த நிருஜா பிள்ளையின்ர கலியாணக் கார்ட்டிலயும் நீங்கள்தான். மாப்பிள்ளை பகுதி தாலி கட்ட முதல் ரெண்டு நிமிசம் எழும்பி நிண்டது. பாவங்கள், நல்ல ஆக்கள்.

என்ன?… அழிக்க ஏலாதோ? ஏன் ஏலாது, ஒரு பொத்தான்தான். சித்திரைக் கூட்டத்தில பிரேரணையும் வந்தது. ஆனா நானா, தலைவர் கூட்டத்தில வாய் மூடுறது, மாசா மாசம் அறிக்கையை வாசிச்சு உங்களுக்கு எழும்பி நிக்கிற அந்த ரெண்டு நிமிசம் மட்டும்தான். அதை விட மாட்டம் எண்டு சனம் ஒரே பிடி. நீங்களும் அழிக்க வேண்டாமெண்டுதான் கை தூக்கினீங்கள். அறிக்கையில இருக்கு.

இந்தா, முடிஞ்சுது. "முஹம்மது லாபிர் இன்றுவரை உயிருடன் உள்ளார் என உறுதிப்படுத்துகிறேன்." வடிவா இருக்கு. சேமிச்சு… பிரின்ட். பிடியுங்கோ.

ஏன் முழிக்கிறீங்கள்? தாங்கோ பாப்பம். "லாபிர் அவர்களின் மறைவுக்கு எமது ஆழ்ந்த…" கை நானா. கை தன்ர பாட்டில அந்தக் கீயை அமத்திட்டுது. அதைப் பழக்கிறன் எண்டு வெளிக்கிட்டு நான்தான் பழகிட்டன். இருங்கோ, இன்னொண்டு அடிக்கிறன், ரெண்டு நிமிசம்… ரெண்டு நிமிசம் எண்டதுக்கு ஏன் எழும்புறீங்கள்? எங்க போறீங்கள்? நானா?

யன்னலால பாத்தா ஆள் போட்டில. எஞ்சினும் தட்டிட்டார். நானா, பெர்மிட் இல்லாமக் கடலுக்குப் போக ஏலாது! …என்ன? …மவுத்தான ஆளிட்ட ஆர் பெர்மிட் கேக்கப்போறாங்கள் எண்டோ?

ம். அதுவும் ஞாயம்தான்.

ஆனா அந்த எஞ்சினைப் பாத்துக் கொண்டு போங்கோ நானா. இவ்வளவு நாளும் உங்கட மவுத்தை எழுதினது கீதான். உண்மையா எழுத வந்தா எனக்கு ஏலாது.