கூப்பிடாமலே உள்ளே வந்தவன்

கம்போங் ராஜாவுக்குப் போகும் காலைப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் தேயிலை எஸ்டேட் கிளினிக்கின் நர்ஸ். இளையவள் அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள், மடியில் லேப்டாப்.

“அக்கா, பேஷண்ட் ரெக்கார்டை நம்ம ஆளுங்க யாரும் திறக்கல. ஆனா யாரோ திறந்திருக்காங்க.”

“அதெப்படி?”

“எல்லாம் கோலாலம்பூர் கிளவுட் கம்பெனிகிட்டதானே இருக்கு. ரிப்பேருக்கு நாம கூப்பிட்டாத்தான் அவங்க ஆளு உள்ள வரணும். யாரு வந்தாலும் பேரு பதிவாயிரும், நான் மாசாமாசம் பாப்பேன். நேத்து ஒருத்தன் கூப்பிடாமலே வந்து, ஒரே ஒரு ஃபைலைத்தான் பாத்திருக்கான்.”

“யாரோடது?”

“கை ஒடிஞ்சு வந்தாங்களே, செல்வி. புருஷனுக்குத் தெரியாம திரிங்காப்ல இருக்காங்களே, அவங்க.”

“அவ புருஷனும் கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர் வேலைதான். பேரு என்னன்னு இருக்கு?”

இளையவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். “ஐயோ, அவனேதான்!” என்றார் நர்ஸ்.

“அட்ரஸை நான்தான் கேட்டு எழுதினேன்,” என்றபடி செல்விக்குப் போன் போட்டார். கேட்டதும் இளையவள் பக்கம் திரும்பினார்.

“காலையிலேர்ந்து வாசல்ல ஒரு கார் நிக்குதாம். காய் வாங்க வந்தவங்கன்னு நெனச்சாளாம்.”

இளையவள் போலீசுக்குப் போன் அடித்தாள். திரிங்காப்பை அப்போதுதான் தாண்டியிருந்தோம்.

“அண்ணே, நிப்பாட்டுங்க லா!” என்று நர்ஸ் எழுந்து ஓடினார். படியில் இறங்கும்போதும் போன் அவர் காதிலேயே இருந்தது.

“கதவைத் திறக்காதம்மா. அவன் அழுதாலும் திறக்காத.”